காதுக்குப் பின்னால் ஒரு யோகம்

என் மகளுக்கு ஒன்பதாவது வயதில், இடது காதுக்குப் பின்னால், வெளிநாட்டு யோகம் வந்தது. கண்டுபிடித்தவர் என் மனைவியின் தமக்கை. ஹேர்னிங் நகரில் இருப்பவர், வார இறுதிக்கு ஹோர்சன்ஸ் நகரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அன்று சனிக்கிழமை. எங்கள் வீட்டில் சனிக்கிழமை என்றால் பிள்ளைக்கு நல்லெண்ணெய் வைத்து முழுகவார்க்கிற நாள். டென்மார்க்கில் குளியலறை கட்டுகிறவர்கள் நல்லெண்ணெயை மனதில் வைத்துக் கட்டுவதில்லை. அந்த ஓடு பதித்த தரையில் எண்ணெய் சிந்தினால் என்ன நடக்கும் என்பது என் முழங்கைக்கு மட்டுமே தெரியும். ஆகவே அந்தச் சடங்கு நடக்கும்போது நான் வாசலுக்கு வெளியே நின்றுதான் பங்கெடுப்பேன்.

"எடியே தங்கச்சி, இஞ்ச வந்து பார். பிள்ளைக்குக் காதுக்குப் பின்னால ஒரு மச்சம் வந்திருக்கு."

"முந்தி இருக்கேல்லையே அக்கா."

"அதுதானே சொல்லுறன், வந்திருக்கு எண்டு. பொம்பிளைப் பிள்ளைக்கு இடப்பக்கம். காதுக்குப் பின்னால. இது அசல் வெளிநாட்டு யோகம்."

"அக்கா, அவள் பிறந்ததே வெளிநாட்டிலதானே" என்றேன் வாசலில் நின்றபடி. "இதுக்கு மேல எங்க போறது?"

"ஏன், கனடா இல்லையோ? தம்பி, நீங்கள் புத்தகம் வாசிக்கிற ஆள். உதுகள் உங்களுக்கு விளங்காது."

நான் புத்தகம் வாசிக்கிற ஆள் என்பது எங்கள் குடும்பத்தில் ஒரு நோயின் பெயரைச் சொல்வது போலத்தான் சொல்லப்படும். நான் விலகிக்கொண்டேன். எள்ளளவு கறுப்புப் புள்ளி அது. அதைச் சுற்றி அக்கா தாராளமாக எண்ணெய் பூசினார். பிறகு பிள்ளையின் பின்னலை எடுத்து அந்தக் காதின் மேல் வருமாறு முன்னால் விட்டார்.

"ஒருத்தருக்கும் காட்டாதே குஞ்சு. நாவூறு படும்."

என் மகள் வீட்டில் தமிழ் கேட்பாள், டேனிஷில் பதில் சொல்வாள். ஆனால் இரகசியம் என்றால் எந்த மொழியிலும் அவளுக்கு விளங்கும். அந்தக் கிழமை முழுவதும் பின்னல் காதை விட்டு நகரவில்லை.

அவளுடைய பள்ளிக்கூடத்தில் வகுப்பு முடிந்த பிறகு பிள்ளைகளை வைத்திருக்கும் கழகம் ஒன்று உண்டு. செவ்வாயும் வெள்ளியும் பிள்ளைகளைப் பக்கத்துக் காட்டுக்குக் கூட்டிப்போவார்கள். மழை பெய்தாலும் போவார்கள். மழை பெய்தால் இன்னும் சந்தோஷமாகப் போவார்கள். திரும்பி வந்ததும் பொறுப்பாக இருக்கிற பெண்மணி ஒவ்வொரு பிள்ளையின் கழுத்து, காது, முழங்கால் மடிப்பு எல்லாம் பார்ப்பாராம். புல்லிலும் பற்றையிலும் உண்ணி இருக்கும், பிள்ளையில் ஏறும், அன்றைக்கே பார்த்து எடுத்துவிட்டால் அநேகமாக ஒன்றும் வராது. இதை அந்தக் கழகம் ஒவ்வொரு வசந்தத்திலும் பள்ளிக்கூடச் செயலியில் படத்தோடு எழுதி அனுப்பும். இரவில் வீட்டிலும் பாருங்கள் என்று கேட்டுக்கொள்ளும். நானும் ஒவ்வொரு வசந்தத்திலும் அந்தச் செய்தியின் கீழே ஒரு கட்டைவிரலை உயர்த்திவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். இந்த நாட்டில் ஒரு தகப்பன் பொறுப்பானவன் என்பதற்கு அந்தக் கட்டைவிரல் போதும்.

எங்களுக்குத் தெரிந்த உண்ணி மாட்டில் இருக்கும், நாயில் இருக்கும். நாங்கள் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறோம். மாடும் இல்லை, நாயும் இல்லை. ஆகவே உண்ணி என்பது வெள்ளைக்காரருக்கு வருகிற விஷயம் என்று, யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே, வீட்டில் முடிவாகியிருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை கழகத்துப் பெண்மணி காதைப் பார்க்க வந்தபோது என் மகள் கையால் பொத்திக்கொண்டு, "அம்மா ஏற்கெனவே பார்த்தாச்சு" என்று சொல்லியிருக்கிறாள். அது பொய்யும் இல்லை. அம்மா பார்த்தாள்தான். பெரியம்மாவும் பார்த்தார்.

இதற்கிடையில் மச்சம் வளர்ந்தது. மனைவி அதைத் தொலைபேசியில் ஹேர்னிங்குக்கு அறிவித்தாள். வளர்கிற மச்சம் இன்னும் விசேஷம் என்று அங்கிருந்து பதில் வந்தது. புதன்கிழமை தலை வாரி இழுக்கும்போது பார்த்தால் மச்சத்தைக் காணோம்.

"என்னப்பா, எண்ணெயில கழுவுப்பட்டுப் போட்டுதோ?"

"எங்கட குடும்பத்தில யோகம் இவ்வளவு நாள் நிண்டதே பெரிய காரியம்" என்றேன். இந்தப் பதிலை நான் அப்போது மிகவும் ரசித்தேன். மச்சம் என்பது உதிர்கிற பொருள் இல்லை என்ற எண்ணம், இத்தனை புத்தகம் வாசித்த தலையில், ஒரு கணமும் எட்டிப் பார்க்கவில்லை.

இரண்டு மூன்று கிழமை கழித்து மகளின் கழுத்தில், காதுக்குக் கீழே, தோலை விடக் கொஞ்சம் கருத்த நிறத்தில் ஒரு வட்டம் தெரிந்தது. அரிப்பில்லை, நோவில்லை. முந்தின வார இறுதியில் வயதுக்கு வந்த ஒரு பிள்ளையின் சாமத்தியவீட்டுக்குப் போயிருந்தோம். அதற்காக அவளுக்கு ஒரு முலாம் பூசிய சங்கிலி வாங்கியிருந்தோம். சங்கிலி ஒத்துக்கொள்ளவில்லை என்று மனைவி தீர்மானித்தாள். சங்கிலி அலுமாரிக்குள் போனது, கழுத்துக்குச் சந்தனம் வந்தது. வட்டம் கொஞ்சம் அகன்றது, பிறகு மங்கியது. சந்தனத்தின் மகிமை என்று இரண்டு வீடுகளிலும் ஒத்துக்கொண்டார்கள்.

பிறகு பிள்ளை களைத்துப் போனாள். பள்ளியால் வந்து சோபாவில் சாய்ந்தால் எழும்ப மாட்டாள். தலையிடி என்றாள். திரையைப் பார்த்துப் பார்த்து வந்த தலையிடி என்று நான் ஒரு சிறு பிரசங்கம் செய்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. மேசையில் புட்டு. மகள் தோடம்பழச் சாறு குடித்தாள். அது இடது கடைவாயால் வழிந்தது.

"வடிவாக் குடி" என்றேன்.

அவள் சிரித்தாள். சிரிப்பின் வலது பக்கம் மேலே போனது. இடது பக்கம் இருந்த இடத்திலேயே இருந்தது.

இங்கே என்னுடைய சிரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறவியிலேயே அது ஒரு பக்கமாகத்தான் போகும். கலியாணப் படங்களில் நான் யாரோ ஒருவரின் கடனை மறுக்கிறவன் போல நிற்பேன். ஆகவே மகள் எனக்குத்தான் பழிப்புக் காட்டுகிறாள் என்று நினைத்தேன்.

"காணும், அப்பாவைப் பகிடி பண்ணினது."

தான் ஒன்றுமே செய்யவில்லை என்று அவள் டேனிஷில் சொன்னாள். அந்தச் சொற்களும் ஒரு பக்கமாகத்தான் வந்தன.

"கண்ணை மூடு பாப்பம்" என்றாள் மனைவி.

வலது கண் மூடியது. இடது கண்ணின் இமை பாதி வழியில் நின்றுவிட்டது. கீழே வெள்ளை விழி தெரிந்தது. மனைவி கையில் இருந்த கரண்டியை மெதுவாக மேசையில் வைத்தாள். அவள் எதையும் மெதுவாக வைக்கிறவள் இல்லை.

விடுமுறை நாள் மருத்துவரின் எண்ணுக்கு எடுத்தேன். கை தூக்க முடிகிறதா, பேச்சுத் தெளிவா, நெற்றியைச் சுருக்கினால் இரண்டு பக்கமும் சுருங்குகிறதா என்று ஒருவர் பொறுமையாகக் கேட்டார். கை தூக்கினாள். நெற்றியின் இடது பக்கம் அசையவில்லை. காய்ச்சல் இல்லை. பிறகு, "உண்ணி கடித்ததா?" என்றார்.

"இல்லை" என்றேன், கொஞ்சம் கௌரவத்தோடு. "நாங்கள் மாடிவீட்டில் இருக்கிறோம்."

அவர் மகளின் வயதைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். இப்போதே ஆஸ்பத்திரிப் பிள்ளைகள் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள், நான் சொல்லிவைக்கிறேன் என்றார்.

காரில் போகும்போது அக்கா மனைவியின் தொலைபேசி ஒலிபெருக்கியில் வந்தார். "பாரிசவாதமோ? பச்சைப்பிள்ளைக்கோ?" என்று கேட்டுவிட்டு அழுதார். நான் பின்கண்ணாடியில் மகளைப் பார்த்தேன். அவள் யன்னல் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது இப்படியே இருந்துவிடுமா, அப்பா?"

"இல்லை" என்றேன். எனக்குத் தெரியாத பல விஷயங்களை நான் வாழ்நாளில் உறுதியாகச் சொல்லியிருக்கிறேன். அந்த அளவு உறுதியோடு எதையும் சொன்னதில்லை.

மருத்துவர் இளம்பெண். மகளுக்கு முன்னால் ஒரு குட்டி முக்காலியில் உட்கார்ந்து, கன்னத்தை ஊது, பல்லைக் காட்டு, புருவத்தைத் தூக்கு என்றார். அவள் தனியாகச் செய்யக் கூச்சப்படவே எங்களையும் சேர்ந்து செய்யச் சொன்னார். நாங்கள் மூவரும் வரிசையாக இருந்து பல்லைக் காட்டினோம். மருத்துவரின் பார்வை மகளில் இருந்து நகர்ந்து என் முகத்தில் வந்து நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"அவர் எப்பவும் அப்படித்தான்" என்று மனைவி டேனிஷில் விளக்கினாள்.

உண்ணி கடித்ததா, தோலில் வட்டமாக ஏதும் வந்ததா என்று மருத்துவர் கேட்டார். இல்லை, இல்லை என்றோம். அப்போது மகள் சொன்னாள்: "என்னுடைய மச்சம் மட்டும்தான். ஆனால் அது இரகசியம்."

"எந்த மச்சம்?"

"வந்தது. பெரிதாகிச்சு. பிறகு போய்விட்டது. அது என்னைக் கனடாவுக்குக் கொண்டுபோகும்."

மருத்துவர் பேனாவை மூடினார். பிறகு என்னைப் பார்த்தார். என் டேனிஷ் மோசமில்லை. தொழிற்சங்கக் கூட்டத்தில் பேசியிருக்கிறேன். வரிக் கந்தோர் அதிகாரிகளோடு வாதாடியிருக்கிறேன். ஆனால் காதுக்குப் பின்னால் உள்ள மச்சத்துக்கும் கனடாவுக்கும் உள்ள தொடர்பை, அதை ஏன் மறைக்கவேண்டும் என்பதை, ஏன் அதற்கு எண்ணெய் பூசினோம் என்பதை அந்த மொழியில் சொல்லச் சொற்கள் போதவில்லை. இருந்த சொற்களை வைத்துச் சொல்லி முடித்தேன். மருத்துவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அது உண்ணியாகத்தான் இருக்கும், உண்ணிக்கு எண்ணெய், வெண்ணெய், நெருப்பு எதுவும் வேண்டாம், முள் எடுக்கிற மெல்லிய சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேரே இழுக்கவேண்டும் என்றார். டேனிஷ்காரரும் பிள்ளைகளுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டுதான் வருகிறார்கள் என்று தெரிந்ததில் எனக்கு ஒரு சிறிய ஆறுதல்.

பிறகு ஒரு துண்டுப் பிரசுரம் தந்தார். அதில் ஒரு பிள்ளையின் முதுகு; முதுகில் ரோசாப்பூ நிறத்தில் பெரிய வட்டம். அந்த மாதிரி முதுகு எங்கள் வீட்டில் யாரிடமும் இல்லை.

"சங்கிலி" என்றாள் மனைவி தமிழில், மெதுவாக. பிறகு கழுத்து வட்டத்தைப் பற்றி டேனிஷில் சொன்னாள். மருத்துவர் தலையாட்டினார். கருத்த தோலில் அது சிவப்பாகத் தெரியாமல் இருக்கலாம். மண்ணிறமாகவோ நீலம் பாய்ந்ததாகவோ அடிபட்டுக் கண்டிப்போனது போலவோ தெரியும். நிறத்தைப் பார்க்காதீர்கள், நாளுக்கு நாள் அகலுகிறதா என்று பாருங்கள் என்றார். அந்த வட்டத்தோடு வந்திருந்தால் சில நாள் பெனிசிலினோடு முடிந்திருக்கும். அந்த நேரத்தில் இரத்தத்தில் பார்த்தால்கூட ஒன்றும் காட்டாமல் போகலாம். வட்டத்தைக் கண்ணால் பார்த்தே மருந்து கொடுப்பார்கள். இப்போது உண்ணி கொண்டுவந்த கிருமி முகத்து நரம்பு வரை போயிருக்கலாம். நிச்சயப்படுத்த முதுகுத்தண்டில் இருந்து கொஞ்ச நீர் எடுக்கவேண்டும்.

அக்கா இன்னமும் தொலைபேசியில்தான் இருந்தார்; நாங்கள் மறந்துவிட்டோம். மனைவியின் கைப்பைக்குள் இருந்து குரல் வந்தது.

"நாரியில ஊசி குத்த விடாதேங்கோ! காலத்துக்கும் நாரி நோகும்! எனக்கு என்ர மூத்தவனுக்குக் குத்தினது இண்டைக்கும் நோகுது!"

எங்கள் பெண்களில் பிள்ளைப்பேற்றுக்கு முதுகில் ஊசி போட்ட அத்தனை பேரும் பிறகு வந்த எல்லா நோவையும் அந்த ஊசியின் கணக்கில்தான் எழுதியிருக்கிறார்கள். மனைவியும் அந்தக் கட்சிதான். அவள் கைப்பையைப் பார்த்தாள்; மகளின் பாதி மூடிய கண்ணைப் பார்த்தாள்.

"அக்கா, நான் பிறகு கதைக்கிறன்" என்று சொல்லித் தொலைபேசியை நிறுத்தினாள். பிறகு மருத்துவரிடம், "எடுங்கோ" என்றாள், தமிழில்தான். மருத்துவருக்கு அது விளங்கிவிட்டது.

ஊசி போடும்போது பயம் தெரியாமல் இருக்க மகளுக்குச் சிரிப்பூட்டும் வாயு கொடுத்தார்கள். முகமூடிக்குள் அவள் சிரித்தாள். சத்தம் முழுதாக வந்தது. முகம் பாதியாகத்தான் வந்தது. மனைவி சுவரில் ஒட்டியிருந்த யானைப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மகளின் கையைப் பிடித்திருந்தேன். யார் யாரைப் பிடித்திருந்தோம் என்பது விவாதத்துக்குரியது.

கிருமி நரம்பில்தான் இருந்தது. இரண்டு கிழமைக்குக் குளிசை. பாலோடு சேர்த்துக் கொடுக்கக்கூடாது. வெயிலில் விடக்கூடாது. கண் காய்ந்துபோகாமல் பகலில் துளி, படுக்கும்போது களிம்பு பூசி மேலே கண்ணாடி மாதிரி ஒரு மூடி ஒட்டவேண்டும். மருந்து கிருமியைக் கொல்லும். ஆனால் முகம் தன்பாட்டில்தான் திரும்பும் என்றார் மருத்துவர். மிகப் பெரும்பாலான பிள்ளைகளுக்கு முழுதாகத் திரும்பிவிடும். சிலருக்குச் சிறிது மிஞ்சும். இவள் எந்தப் பக்கம் என்று இன்றைக்குச் சொல்ல முடியாது.

அடுத்த சனிக்கிழமை அக்கா வந்தார். காரில் மிளகாய்த்தூள், கருவாடு, மூன்று போத்தல் நல்லெண்ணெய். எண்ணெயைக் காருக்குள்ளேயே விட்டுவிட்டு ஏறி வந்தார். குளிசை நேரம் வந்ததும் ஒரு குவளை சூடான பாலோடு வந்து நின்றார்.

"பாலோட குடுத்தால் மருந்து பிடிக்காதாம் அக்கா" என்றாள் மனைவி.

"பால் என்னடி செய்யும்? வெறும் வயித்தில குளிசையோ?"

"சாப்பாட்டோட குடுக்கிறம். பால்தான் வேண்டாமாம்."

அக்கா குவளையைப் பார்த்தபடி நின்றார். பிறகு அந்தப் பாலைத் தானே குடித்தார், மருந்து குடிக்கிற முகத்தோடு. மகள் அவர் பக்கத்தில் போய் இருந்து, தன் தமிழில் சொன்னாள்:

"பெரியம்மா, நான் கனடா போக வேணாம்."

அக்கா அழவில்லை. மூக்கைச் சீறிவிட்டு, "அங்க சரியான குளிர்" என்றார்.

குளிசை முடிந்தது. களைப்பும் தலையிடியும் போயின. முகம் வரவில்லை. பள்ளிக்குப் போனாள், படம் எடுக்கிறபோது வலது பக்கத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கப் பழகியிருந்தாள். அதைப் பார்த்த அன்று மாலை நான் என் பழைய படங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். நானும் அப்படித்தான் நிற்கிறேன். என்மேல் மட்டும் யாரும் இரக்கப்படவில்லை. கோடை விடுமுறை தொடங்கியபோது கடைவாய் கொஞ்சம் அசைந்தது. பிறகு சாறு வழியவில்லை. பிறகு, யார் முதலில் கண்டோம் என்று தெரியாமல், சிரிப்பின் இடது பக்கமும் மேலே வரத் தொடங்கியது. கண் மட்டும் அப்படியே. ஒவ்வொரு இரவும் மனைவி மூடியை ஒட்டுவதற்கு முன்னால் விளக்கைத் திருப்பிப் பார்ப்பாள். "கொஞ்சம் குறைஞ்சிருக்கோ?" என்பாள். குறைந்திருப்பதாக நான் சொல்வேன். மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று இன்னமும் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹேர்னிங்கில் பிறந்தநாள் விழா. அக்கா வீட்டுப் பின்வளவில் புல்லும் வேலியும் உண்டு. பிள்ளைகள் விளையாடி முடித்து உள்ளே ஓடிவந்தார்கள். வாசலில் அக்கா கதிரை போட்டு இருந்தார். ஒருவரையும் கேக்கிடம் விடவில்லை. காலுறையைக் கழற்று, முழங்காலை மடி, தலையைக் குனி. காதுக்குப் பின்னால் இரண்டு தடவை பார்த்தார். ஒரு குட்டிப் பெண்ணின் மயிர் ஓரத்தில் எள்ளளவு கறுப்பு ஒன்று அகப்பட்டது. அவளுடைய தாய் கத்தினாள்.

விருந்தாளி ஒருவர் உதவிக்கு வந்தார். "கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டுப் பாருங்கோவன் அக்கா, மூச்சு முட்டித் தானா விழும்."

"எண்ணெய் தோசைக்கு. தள்ளி நில்லுங்கோ, வெளிச்சம் மறைக்குது."

சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்தார், நேரே இழுத்தார், வந்துவிட்டது. இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். பிறகு அந்தத் தாயிடம் திரும்பினார்.

"பயப்பிடாதே. எல்லா உண்ணியிலும் வருத்தக் கிருமி இல்லை. ஒரு மாதத்துக்கு இந்த இடத்தைப் பார். சிவப்பா வரும் எண்டு காத்திருக்காதே. எங்கட தோலில கண்டின மாதிரித்தான் தெரியும். அகலுதெண்டால் டொக்டரிட்ட ஓடு. ஒண்டும் இல்லையெண்டால் மருந்தும் வேண்டாம். சந்தனமும் வேண்டாம்."

"நாவூறு ஏதும் கழிக்கட்டோ அக்கா?" என்றேன் நான்.

"தம்பி, உங்கட காற்சட்டையைச் சொக்சுக்குள்ள விட்டுட்டுப் புல்லில நடவுங்கோ. வந்திட்டார் கதைக்க."

பொழுதுபட முன்னம் புறப்பட்டோம். சாய்கிற வெயில் நீளமாகக் காருக்குள் விழுந்தது. மகள் பின்னால் தலையைச் சாய்த்து, கேக் பூசிய வாயோடு தூங்கிப்போனாள். கார்ப் பயணத்துக்கு மூடி ஒட்டுவதில்லை. கொஞ்ச தூரம் போனதும் மனைவி பின்னால் திரும்பினாள். திரும்பினவள் முன்னால் திரும்பவில்லை.

"இஞ்சாருங்கோ, காரை நிப்பாட்டுங்கோ."

"இதில நிப்பாட்ட ஏலாது. என்ன?"

"நிப்பாட்டுங்கோ எண்டுறன்."

அடுத்த தரிப்பிடத்தில் நிறுத்தினேன். இருவரும் இறங்கி, இடது பக்க யன்னலோடு முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றோம். வெயில் நேரே அவள் முகத்தில் விழுந்தது. இடது கண் மூடியிருந்தது. இமை முழுதாக இறங்கி, மயிர்கள் கன்னத்தில் தொட்டுக்கொண்டு கிடந்தன. வெள்ளைக் கோட்டைத் தேடினேன், இல்லை. பக்கத்தில் நின்ற லொறிக்காரர் தன் பாண் துண்டைக் கடிப்பதை நிறுத்திவிட்டு, கார் ஒன்றுக்குள் எட்டிப் பார்க்கிற இரண்டு கருத்த மனிதரைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

மனைவி கைப்பேசியில் படம் எடுத்துத் தமக்கைக்கு அனுப்பினாள். அனுப்பிய கையோடு அது அலறியது. மகள் விழித்துக்கொண்டாள். யன்னலில் நாங்கள் இரண்டு பேரும்.

"வீட்டுக்கு வந்துவிட்டோமா?" என்றாள் டேனிஷில்.

"இல்லை. கண்ணை மூடு" என்றேன்.

மூடினாள். இரண்டும்.

"திற. இன்னொருக்கா மூடு."

"அப்பா!" என்றாள். ஆனால் மூடினாள்.